நோயின் பெயர் தெரிய 26 ஆண்டுகள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, கரும்பு வெட்டிக்கொண்டிருந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அவருக்கு வயது 41. மாரடைப்பு என்றார்கள் சிலர். காத்து கருப்பு அடித்துவிட்டது என்றார்கள் சிலர். உடற்கூறாய்வு நடக்கவில்லை.

அப்பாவைப் போல நானும் நெட்டை, ஒல்லி, விரல்களும் நீளம். பள்ளியில் என் பட்டப்பெயர் ஒட்டடைக்குச்சி. என்னைப் பார்த்த மருத்துவர்கள் எல்லோரும் “எந்த ஊர், எந்தத் தெரு?” என்று கேட்டார்கள். காலனி என்றதும், “நல்லா சாப்பிடும்மா” என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சேரி உடம்பு ஒல்லியாக இருந்தால் அது பட்டினிதான், வேறெதையும் தேடத் தேவையில்லை என்பது அவர்கள் முடிவு. 26 வயதில் கண்ணாடி மாற்றப் போனபோது, கண்ணின் லென்ஸ் இடம் நழுவியிருப்பதைக் கவனித்த ஒரு பயிற்சி மருத்துவர்தான் எக்கோ எடுக்க அனுப்பினார். மார்ஃபன் சிண்ட்ரோம்.

உறுப்புகளைத் தாங்கிப் பிடிக்கும் இணைப்புத் திசுவுக்கான ஃபைப்ரிலின்-1 என்ற புரதத்தில் வரும் மரபணுக் கோளாறு இது. சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு இருக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி மெல்ல விரியும். கவனிக்காவிட்டால் ஒருநாள் கிழியலாம். குணமாக்க மருந்தில்லை. ஆனால் தினசரி மாத்திரை, முறையான எக்கோ, தமனி 50 மி.மீ. அளவை எட்டும்போது அறுவை சிகிச்சை என்று இருந்தால் நெடுநாள் வாழலாம். என்னுடையது இப்போது 44.

மாத்திரை விலை பெரிதில்லை. எக்கோவுக்குத் தேதி வாங்க ஒரு நாள், எடுக்க ஒரு நாள், மருத்துவரிடம் காட்ட ஒரு நாள். துணைக்கு வரும் அம்மாவுக்கு மூன்று நாள் கூலி போகும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. ஆனால் குடும்ப வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. என் ஆய்வு உதவித்தொகை மாதம் 42,000 ரூபாய். காகிதத்தில் நான் வசதியானவள். அந்தப் பணம் ஐந்து மாதமாக வரவில்லை என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளிலும் இந்த நோய் இல்லை.

தம்பி சந்தையில் மூட்டை தூக்குகிறான். அவனும் நெட்டை. மார்ஃபன் இருப்பவர்கள் பாரம் தூக்கக் கூடாது. எக்கோ எடுக்க வாடா என்றால், “எடுத்துப் பாத்துட்டு, தூக்காதன்னு சொல்லிட்டா சோத்துக்கு என்னக்கா பண்றது?” என்கிறான்.

தோழர்களே, மரபணு சாதி பார்த்து வருவதில்லை. ஆனால் யாருடைய உடம்பை மருத்துவர் நின்று கவனிக்கிறார், நோய் தெரிந்தபின் யாரால் வேலையை விட முடிகிறது என்பதைச் சாதிதான் தீர்மானிக்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று வீட்டுக்கே வரும் அரசால் இதையும் செய்ய முடியும். ஒருவருக்கு நோய் உறுதியானால் குடும்பம் முழுவதையும் இலவசமாகப் பரிசோதிக்க வேண்டும். அந்த நாட்களின் கூலியை ஈடுகட்ட வேண்டும். பாரம் தூக்க முடியாதவருக்கு மாற்று வேலை தர வேண்டும்.

அடுத்த வாரம் தம்பியின் ஒரு நாள் கூலியைக் கடன் வாங்கிக் கொடுத்து அழைத்துப்போகிறேன். அவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அரசுதான் சொல்ல வேண்டும்.