ஆடம்பரம் என்று சொல்வது யார்?

கிராபிக்ஸ் கார்டு விலை ஏறும்போதெல்லாம் ஒரே பேச்சுதான் வருகிறது. "கம்ப்யூட்டரில் கேம் ஆடுவது ஆடம்பரம். காசு இருப்பவன் ஆடட்டும், இல்லாதவன் போனில் ஆடிக்கொள்ளட்டும்." இப்படிச் சொல்பவர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்பதே இல்லை. விலை ஏன் ஏறியது? ஏறிய விலை யாரை வெளியே தள்ளுகிறது?

முதல் கேள்வியைப் பார்ப்போம். 2014இல் என்விடியா நிறுவனத்தின் ஜி.டி.எக்ஸ். 970 கார்டு 329 டாலருக்கு அறிமுகமானது. அதே வரிசையில் 2025இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5070இன் விலை 549 டாலர். உச்சியில் இருக்கும் கார்டுகளின் கதை இன்னும் மோசம். 2017இல் 1080 டி.ஐ. 699 டாலர், 2025இல் 5090 கார்டு 1,999 டாலர். இதற்கிடையில் டாலருக்கு 60 ரூபாய்ச் சொச்சமாக இருந்தது 85ஐத் தாண்டிவிட்டது. அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் வரி விகிதங்களை மாற்றியபோது ஏ.சி.க்கும் பெரிய டி.வி.க்கும் சிறிய காருக்கும் 28இலிருந்து 18ஆகக் குறைத்தார்கள். கணினிக்கும் அதன் பாகங்களுக்கும் அதே 18 நீடிக்கிறது.

இந்த விலையேற்றத்துக்கு கேம் ஆடும் பையன்கள் காரணமல்ல. 2020 முதல் 2022 வரை கிரிப்டோ நாணயம் 'தோண்டுகிறவர்கள்' கார்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் தன் முறையை மாற்றிக்கொண்ட பிறகுதான் அந்தக் கூத்து அடங்கியது. அடுத்து ஏ.ஐ. வந்தது. 2021 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் வருமானத்தில் கிட்டத்தட்டப் பாதி கேமிங்கிலிருந்து வந்தது. 2025 ஜனவரியில் முடிந்த ஆண்டில் மொத்த வருமானம் சுமார் 13,050 கோடி டாலர். அதில் கேமிங்கின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. பெரும்பகுதி டேட்டா சென்டர்களின் பணம். 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சாதாரண மக்கள் வாங்கும் 'குரூஷியல்' மெமரி வணிகத்தையே மூடுவதாக அறிவித்தது. ஏ.ஐ. நிறுவனங்களுக்குச் சரக்குக் கொடுக்க வேண்டுமாம். கோடிகளில் வாங்குகிறவன் வந்துவிட்டால் ஒன்று வாங்குகிறவன் கடைவாசலில்தான் நிற்க வேண்டும்.

இப்போது இரண்டாவது கேள்வி. 5070 கார்டுக்கு இந்தியாவில் என்விடியா அறிவித்த விலை 59,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கான நூறுநாள் வேலைக் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, கூலியும் முழுதாக வந்தால் ஒரு குடும்பத்துக்கு 33,600. அதை ஒரு பைசா செலவழிக்காமல் வைத்திருந்தாலும் அந்தக் கார்டை வாங்க ஒன்றே முக்கால் ஆண்டு ஆகும். 5090க்கு 2025இல் அறிவித்த விலை 2,14,000. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான உச்சவரம்பு 2,50,000. அரசு 'ஏழைக் குடும்பம்' என்று கோடு போட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது ஒரு கார்டின் விலை.

"விலை எல்லோருக்கும் ஒன்றுதானே, இதில் சாதி எங்கே வந்தது?" என்பார்கள். விலை ஒன்றுதான். அதைத் தாங்கும் தோள்கள் ஒன்றல்ல. ஒருவனுக்கு அப்பா கடன் இல்லாமல் எடுத்துக் கொடுப்பார். அமெரிக்காவிலிருக்கும் சித்தப்பா வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார். அண்ணன் புதிது வாங்கினால் பழையது தம்பிக்கு வரும். நிலம், சம்பளம், சொந்தபந்தம் என்று இரண்டு மூன்று தலைமுறையாகச் சேர்ந்தது அது. சமூகவியலில் இதை மூலதனம் என்போம். அதில் பணம் ஒரு பகுதி மட்டுமே. எதை வாங்குவது, யாரிடம் கேட்பது, கெட்டுப்போனால் எங்கே கொடுப்பது என்கிற அறிவும் அதற்குள் அடக்கம். நூறுநாள் வேலைக்குப் போகும் அம்மாவின் பிள்ளைக்கு இதில் எதுவும் கைமாறி வருவதில்லை. ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் எந்தக் கடையில் பேசுவது என்றுகூட அவனுக்குத் தெரியாது. தவணைக்குப் போனால் சம்பளச் சீட்டு கேட்பார்கள். கூலி வேலைக்குச் சம்பளச் சீட்டு ஏது?

"அப்படியானால் பழைய கார்டு வாங்கட்டும்" என்பது அடுத்த அறிவுரை. பழைய கார்டில் ஆடலாம்தான். கார்டே இல்லாமல் ஓடும் பழைய கேம்களும் நிறைய உண்டு. ஆனால் அந்தப் பழைய சந்தைக்கு வருவதில் இரவு பகலாக நாணயம் தோண்டித் தேய்ந்த கார்டுகளும் உண்டு. வாரண்டி கிடையாது. ஒருமுறை ஏமாந்தால் இன்னொன்று வாங்க வழியில்லாதவன்தான் இந்தச் சூதாட்டத்தை ஆட வேண்டியிருக்கிறது. பழைய சோறு, பழைய துணி என்று வாங்கிப் பழக்கப்பட்ட இடத்துக்கு இப்போது பழைய கார்டையும் அனுப்பிவைக்கிறார்கள்.

'ஆடம்பரம்' என்ற சொல்லின் வரலாறும் நமக்குத் தெரியும். 1930-31இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்க சாதியினர் விதித்த தடைகளை அன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஹட்டன் பதிவுசெய்திருக்கிறார். தங்க, வெள்ளி நகை போடக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. மண்பாத்திரம்தான் புழங்க வேண்டும். பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது. 1936இல் ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் சக்வாரா கிராமத்தில், யாத்திரை போய்வந்த தீண்டப்படாதவர் ஒருவர் தன் சாதியாருக்கு நெய் ஊற்றி விருந்து வைத்தார். சாதி இந்துக்கள் தடியோடு வந்து பந்தியைக் கலைத்தார்கள். 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் அம்பேத்கர் இதை எழுதியிருக்கிறார். நெய் வாங்க அவருக்கு வசதி இருந்தது. அதுதான் குற்றமாகிவிட்டது.

அந்த இராமநாதபுரம் பட்டியலை இன்னொருமுறை பாருங்கள். குடையும் எழுத்தும் அந்தத் தடைகளில் இருக்கின்றன. உனக்கு எது தேவை, எது தேவையில்லை என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஒருவனிடம் கொடுத்துவிட்டால் அவன் குடையோடு நிற்கமாட்டான், புத்தகத்தையும் பிடுங்குவான். இன்று கார்டுக்கு விலை வைப்பவன் சாதி பார்த்து வைப்பதில்லை. ஆனால் அந்த விலையைக் காட்டி "உனக்கெதற்கு இது" என்று கேட்கும் வாய் பழைய வாய்தான். 2006இல் கலைஞர் அரசு இலவச டி.வி. கொடுத்தபோதும், 2011இல் ஜெயலலிதா அரசு லேப்டாப் கொடுத்தபோதும் இதே வாய் கேட்டது.

நம் தோழர்களிலேயே சிலர் கேட்பார்கள். "வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள், சுடுகாட்டுப் பாதைக்கு இன்னும் போராடுகிறோம். இப்போது கேம் ஒரு பிரச்சினையா?" தோழர்களே, உரிமைகள் ரேஷன் கடை வரிசையில் நிற்பதில்லை, ஒன்று முடிந்தபின் அடுத்தது வர. மகாத் குளத்தில் நம் மக்கள் இறங்கியது தாகத்துக்காக மட்டுமல்ல. எல்லோருக்குமானது எங்களுக்கும் ஆனது என்று காட்டத்தான்.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. "கேம் ஆடினால் அனிமேஷன், கேம் டிசைன் வேலை கிடைக்கும், அதனால் கொடுங்கள்" என்று மட்டும் வாதாடினால் அதில் விழுந்துவிடுவோம். அது உண்மைதான். பிளெண்டர் இலவசம், கோடோ இலவசம், அன்ரியல் எஞ்சினை இலவசமாகக் கற்றுக்கொள்ளலாம். மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, அதை ஓட்டும் இயந்திரம்தான் கிடைப்பதில்லை. போனில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடலாம். போனை வைத்துக்கொண்டு அப்படியொரு கேமை உருவாக்கிவிட முடியாது. நம் பிள்ளைகளை ஆடுகிறவர்களாக மட்டும் நிறுத்தி, உருவாக்குகிற இடத்தைப் பூட்டிவைப்பது அநியாயம். ஆனால் வேலைக்குப் பயன்படாவிட்டாலும் ஆடுவது அவர்கள் உரிமை. ஊர்ப் பிள்ளை ஆடினால் பொழுதுபோக்கு, சேரிப் பிள்ளை ஆடினால் மட்டும் "பயன் என்ன" என்று கணக்கா?

அரசுக்கு வழி தெரியாமலில்லை. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு சுமார் 10,372 கோடியில் இந்தியா ஏ.ஐ. திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நிறுவனங்களும் ஆய்வாளர்களும் மாணவர்களும் ஏ.ஐ. பணிகளுக்கு ஜி.பி.யு.க்களை மானிய விலையில், மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். அதாவது, இந்தச் சில்லு ஒரு பொதுத் தேவை, சந்தை விலைக்கே விட்டுவிட முடியாது என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. ஸ்டார்ட்அப் முதலாளிக்கு அது உள்கட்டமைப்பு. விடுதி மாணவனுக்கு மட்டும் ஆடம்பரமா?

2025இல் தமிழ்நாடு அரசு விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் சூட்டியது. பெயர் நல்ல பெயர். பெயருக்கேற்ற பொருளும் உள்ளே வரட்டும். விடுதிக்கு ஐந்து கணினி, ஒவ்வொன்றிலும் நடுத்தரமான ஒரு கிராபிக்ஸ் கார்டு, சொல்லிக்கொடுக்க ஒரு ஆள். கணினிக்கு ஒரு லட்சம் என்று வைத்தாலும் ஒரு விடுதிக்கு ஐந்து லட்சம்தான். பட்டியல் சாதி, பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கென்று 2024இல் சட்டமே இயற்றியிருக்கிறோம். அந்த நிதி நம் பிள்ளைகளின் நிதி. மாலை ஆறு மணிக்கு மேல் அந்த அறையில் அவர்கள் விரும்பியதை ஆடட்டும். பகலில் விரும்பியதை உருவாக்கட்டும். மாவட்ட நூலகங்களிலும் இதேபோல் ஓர் அறை வேண்டும். மாணவர்கள் வாங்கும் கணினிக்கும் பாகங்களுக்கும் 18 விழுக்காடு வரியைக் குறைக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் கேமிங் இன்னும் கட்டுப்படியாகிறதா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தனித்தனியாக வாங்க வேண்டும் என்றால், எங்கள் பிள்ளைகளுக்கு அது என்றைக்குமே கட்டுப்படியானதில்லை. விலை குறையும் என்று காத்திருக்கச் சொல்லாதீர்கள். அடுத்த நிதிநிலை அறிக்கையில் விடுதிக்கு ஐந்து கணினி இருக்கிறதா, இல்லையா என்று சொல்லுங்கள்.