செங்கல்பட்டு வழியே சென்ற கம்பெனி

இரயில் வெள்ளையர் நமக்கு அளித்த கொடை என்று மேடைதோறும் கேட்கின்றோம். செங்கல்பட்டுச் சந்திப்பை நாள்தோறும் கடப்போரும் அவ்வாறே நம்புகின்றனர். அப்பாதையை இட்டது இலண்டன் பங்குதாரர்களின் கம்பெனி. அதன் கணக்கைப் பார்த்தால் கொடை யாருடையது என்பது விளங்கும்.

1853இல் இங்கிலாந்தில் தோன்றிய 'கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா' கம்பெனி, நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குப் பாதை அமைத்தது. 1865இல் அரக்கோணத்தைக் காஞ்சிபுரத்தோடு இணைத்த சிறு கம்பெனியொன்று பின்னர் 'கர்நாடிக் ரயில்வே' ஆயிற்று. இரண்டும் கலந்து 1874இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி உருவானது. அவ்வெழுபதுகளிலேயே சென்னையிலிருந்து செங்கல்பட்டு வழியாகத் தெற்கே மீட்டர் பாதை நீண்டது.

தொடக்க காலக் கம்பெனிகளில் முதலிட்டோருக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி உறுதி செய்யப்பட்டிருந்தது. வருவாய் குறைந்தால் ஈடுகட்டியது இந்திய அரசின் கருவூலம். கருவூலத்தை நிரப்பியதோ பெரும்பாலும் நிலவரி. ஏரிநீரை நம்பி உழுத செங்கல்பட்டுக் குடியானவன் ஒருநாளும் வண்டி ஏறாதிருக்கலாம். இலண்டனுக்குச் சென்ற வட்டியில் அவன் வியர்வையும் இருந்தது. இலாபம் முதலாளிக்கு, நட்டம் குடிகளுக்கு என்னும் இவ்வேற்பாட்டை வாணிகம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

பயன் விளையவில்லை என்பாரில்லை. நாகூர்க் கந்தூரிக்கும் காஞ்சிக் கருடசேவைக்கும் மக்கள் ஒரே பெட்டியில் நெருக்கியடித்துச் சென்றனர். ஆனால் மாமல்லபுரக் கரைக்கு இரயில் வரவில்லை. சிற்பம் காண விழைந்தோர் செங்கல்பட்டில் இறங்கித் திருக்கழுக்குன்றம் வழியே சாலையில் சென்றனர். அன்றேல் சென்னையிலிருந்து பக்கிங்காம் கால்வாயில் படகேறினர். இன்றும் அவ்வூருக்கு நிலையம் இல்லை.

1928 சூலையில் ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் சிறைப்பட்டனர். 1944 ஏப்ரல் முதல் நாள் அரசு கம்பெனியின் நிர்வாகத்தை ஏற்றது. 1951 ஏப்ரல் 14இல் அது தெற்கு ரயில்வேயில் கலந்தது.

பங்குதாரர் கணக்குகள் ஆங்கில ஏடுகளில் பத்திரமாக உள்ளன. தண்டவாளம் சுமந்தோர் பேச்சு எந்த ஏட்டில் உள்ளது? கம்பெனிக் காலத்தில் பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் இன்றிருந்தால் நூறு வயதை ஒட்டியிருப்பார். அவர்தம் மக்களும் பேரரும் உள்ளனர். கைகாட்டி, கலாசி, கேங்மேன் என அவர்கள் வீட்டில் புழங்கிய சொற்களையும் பெட்டியடியில் கிடக்கும் பணிச்சான்றுகளையும் தொகுப்பது தமிழ்த்துறையின் வேலையன்று என்பாரோடு நாம் உடன்படோம். வரும் கோடை விடுமுறையில் மாணவர் நால்வர் முன்வந்தாற்போதும். செங்கல்பட்டு நிலையத்தை அடுத்த தெருக்களிலிருந்தே தொடங்கலாம்.