பூசணம் பூத்த தானியம்

உணவுப் பொருளை வீணாக்கலாகாது என்பது நம் குடும்பங்களில் வழிவழியாய் வந்த நல்லொழுக்கம். சிந்திய அரிசியையும் மணி மணியாய்ப் பொறுக்கி எடுக்கும் அன்னையரின் கைகளில் வளர்ந்தவர்கள் நாம். ஆயினும், அந்நற்பண்பே சில வேளைகளில் நமக்குக் கேடாய் முடிவதுண்டு. மழைக்காலத்தில் மூட்டையின் அடியில் நனைந்து பூசணம் பூத்த தானியத்தைக் கண்டால், கழுவிக் காயவைத்தால் போதும் என்றெண்ணி மீண்டும் உலையில் இடுகிறோம். இது தகுமா?

1974-ஆம் ஆண்டின் இறுதியில் இராஜஸ்தான், குஜராத் மாநிலச் சிற்றூர்களில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்ப்போம். அங்குள்ள ஏழை மக்களுக்கு மக்காச்சோளமே அன்றாட உணவு. பருவந்தவறிப் பெய்த மழையில் கதிர்கள் நனைந்தன, நன்கு உலராமலே வீடு வந்து சேர்ந்தன, பூசணம் பற்றியது. அதையே மக்கள் உண்டனர். விரைவிலேயே பலருக்குக் கண்கள் மஞ்சளித்தன; வயிற்றில் நீர் கோத்தது. 150-க்கும் மேற்பட்ட ஊர்களில் 397 பேர் நோயுற்றனர். அவர்களுள் 106 பேர் மாண்டனர். அதே உணவைத் தின்ற நாய்களும் மடிந்தன. மருத்துவ அறிஞர்கள் அச்சோளத்தை ஆராய்ந்தபோது, அதில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு மிகுந்திருக்கக் கண்டனர். 2004-இல் கென்யா நாட்டிலும் இதே நஞ்சு 125 உயிர்களைக் கொண்டது. அங்கும் மக்காச்சோளமே காரணம்.

இந்நஞ்சைச் சுரப்பது ஒருவகைப் பசும்பூசணம். பூசணத்தைத் துடைத்துவிடலாம்; வெயிலில் அழித்தும் விடலாம். ஆனால், அது தானியத்தினுள் விட்டுச் சென்ற நஞ்சு அங்கேயே தங்கும். கொதிக்கும் நீரின் சூட்டுக்கு அது அழிவதில்லை. சிறிது சிறிதாய் நெடுநாள் உட்கொண்டாலும் ஈரலில் புற்றுநோய் விளைவிக்க வல்லது. மஞ்சட்காமாலை பி வகைக் கிருமி உடலில் உள்ளவர்களுக்கோ ஆபத்து பன்மடங்கு.

ஆகவே, வருமுன் காப்பதே அறிவுடைமை. தானியத்தைக் கடித்தால் நறுக்கென்று உடையுமளவு உலர்த்திய பின்னரே சேமிப்போம். மூட்டைகளை வெறுந்தரையில் வைக்காது, பலகைமீது, சுவரை ஒட்டாமல் அடுக்குவோம். நிறம் மாறியவை, சுருங்கியவை, உடைந்தவை ஆகிய மணிகளைப் பொறுக்கி எறிவோம்; நஞ்சு பெரும்பாலும் அவற்றில்தான் உறைகிறது. நிலக்கடலைக்கும் இதே கவனம் வேண்டும்.

எறிய மனம் வராமல், மாட்டுக்காவது ஆகட்டும் என்பார் உளர். மாடு தின்ற நஞ்சின் ஒரு பகுதி பாலில் இறங்கி, நம் குழந்தையின் கிண்ணத்துக்கே திரும்பி வரும். அதனினும் கொடியது ஒன்று உண்டு: நமக்கு ஆகாததை வேலைக்கு வரும் ஏழைக்கு அளந்து கொடுத்து, அதையும் தருமம் என்று எண்ணிக்கொள்வது. வறியவருக்கு வந்த தானியத்தைத் தள்ளிவிட வசதி இராது. ஆதலின் தள்ள வேண்டிய பொறுப்பு, கொடுக்கும் நம்முடையதே. நம் பிள்ளையின் இலையில் பரிமாறத் தயங்கும் உணவைப் பிறர் பிள்ளையின் இலையில் இடாதிருப்போமாக. கொடுப்பது ஒரு படியே ஆயினும், நல்ல தானியமாய்க் கொடுப்போம்.