இறப்பரை வாங்கித் தரலாம், ஆட்டத்தை வாங்கித் தர முடியுமா?

சில மாதங்களுக்கு முன்னர் பாடசாலை மாணவர்களுக்கான மேசைப்பந்துப் போட்டியொன்றைப் பார்க்கச் சென்றிருந்தேன். அங்கே பதின்மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு மாணவன் ஆடினான். முந்தைய ஆண்டும் அவனது ஆட்டத்தை நான் பார்த்திருக்கின்றேன். மேசையிலிருந்து நன்கு பின்வாங்கி நின்று, எதிராளி எத்தனை தடவை ஓங்கி அடித்தாலும் சலிக்காது பந்தை வெட்டித் திருப்பி அனுப்புவான். ஈற்றில் எதிராளியே பொறுமையிழந்து தவறிழைப்பான். இம்முறையோ அவன் தொட்ட பந்துகளெல்லாம் மேசைக்கு வெளியே பறந்தன. மூன்று செற்களையும் தொடர்ச்சியாக இழந்தான்.

அவனது மட்டையை வாங்கிப் பார்த்தேன். இரு பக்கமும் முன்னணிச் சம்பியன்கள் பாவிக்கும் வேகமான இறப்பர். அதன் அடியில், கிடைப்பதிலேயே ஆகத் தடித்த ஸ்பொன்ஜ். "கோச் இதைத்தான் வாங்கச் சொன்னவர் ஐயா. அப்பா கடன்பட்டு வாங்கித் தந்தவர்" என்றான்.

அந்தத் தந்தையின் கடனுக்கும் மகனின் தோல்விக்கும் யார் பொறுப்பு? சம்பியன் ஒட்டியிருப்பதை ஒட்டினால் சம்பியனாகலாம் என்று பெற்றோரை நம்ப வைக்கும் பயிற்றுநர்களே பொறுப்பு என்பேன். ஆட்டத்துக்காகவே இறப்பரைத் தெரிய வேண்டும். இறப்பருக்காக ஆட்டத்தை மாற்றுவது, செருப்புக்கு அளவாகக் காலை வெட்டும் வேலை.

இறப்பர் அற்ப விடயமென்று நான் கூறவில்லை. 1952ஆம் ஆண்டு பம்பாயில் நடைபெற்ற உலகச் சம்பியன் போட்டியில் ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பொன்ஜ் ஒட்டிய மட்டையுடன் வந்து, ஒற்றையர் பட்டத்தை வென்று சென்றார். சர்வதேச சம்மேளனம் 1959இல் விதியொன்றை வகுத்தே இந்தப் புரட்சிக்குக் கடிவாளமிட்டது. இறப்பரும் ஸ்பொன்ஜும் சேர்ந்து 4 மில்லிமீற்றரைத் தாண்டலாகாது என்ற அந்த எல்லை இன்றும் உள்ளது. ஆனால் சாட்டோவின் வெற்றியிலிருந்து நம்மவர் கற்றது தவறான பாடம். அவர் பிறர் வைத்திருந்ததை வாங்கி வரவில்லை. பிறர் எவரிடமும் இல்லாததைக் கொண்டு வந்தார்.

தடித்த, இறுக்கமான ஸ்பொன்ஜ் தன் வேகத்தைக் காட்ட வேண்டுமாயின் பந்து அதனுள் ஆழ அமிழ வேண்டும். அதற்கு இடுப்பும் தோளும் சேர்ந்து இயங்கும் முழு வீச்சு அவசியம். அந்த வீச்சு இன்னும் அமையாத பிள்ளைக்கு அது உதவாது. மேற்பரப்பு பந்தைப் பற்றும் இயல்புடையதாயின் நிலைமை இன்னும் மோசமாகும். எதிராளி தந்த சுழற்சி முழுவதும் பிள்ளையின் மட்டையிலேயே வினையாற்றும். 1.5 முதல் 1.8 மில்லிமீற்றர் வரையான மிதமான ஸ்பொன்ஜ் அவனது தவறுகளை ஓரளவு மன்னிக்கும்.

அடுத்தது, 'பிம்பிள்ஸ்' எனப்படும் முளைகள் வெளியே தெரியும் இறப்பர்மீது நமது பயிற்றுநர்கள் காட்டும் இளக்காரம். அது ஏமாற்று வேலையாம்! குட்டை முளைகள் எதிராளியின் சுழற்சிக்கு எளிதில் மசியா. மேசையருகே நின்று சட்டென அடிப்பவருக்கு அவை உகந்தவை. நீள முளைகள் வளைந்து கொடுப்பதால், எதிராளி அனுப்பிய மேற்சுழற்சி அவரிடமே கீழ்ச்சுழற்சியாகத் திரும்புகின்றது. ஒரே நிறத்தில் இரு வேறு இறப்பர்களை ஒட்டி எதிராளியைக் குழப்பிய காலம் 1980களிலேயே முடிந்துவிட்டது. அன்று முதல் இரு பக்கமும் வெவ்வேறு நிறமாக இருக்க வேண்டும். எதிராளி கண்ணால் காணக்கூடிய ஒன்று எப்படி ஏமாற்றாகும்?

சீனாவின் டெங் யாபிங் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரமே உடையவர். குள்ளமென்று ஒதுக்கப்பட்ட அவர், பின்கைப் பக்கத்தில் நீள முளை இறப்பருடன் 1992, 1996 ஒலிம்பிக் போட்டிகளில் நான்கு தங்கங்களை வென்றார். வெட்டியாடும் தென்கொரியரான ஜூ சே ஹியூக் 2003 உலகச் சம்பியன் போட்டியின் இறுதியாட்டம் வரை சென்றார். நமது அயலில், இந்தியாவின் மணிக்கா பத்ரா 2018 பொதுநலவாய விளையாட்டு விழாவில் ஒற்றையர் தங்கம் வென்றபோது அவரது பின்கையிலும் நீள முளைகளே இருந்தன. இவர்கள் நமது பயிற்றுநர்களிடம் அகப்பட்டிருந்தால் என்னவாகியிருப்பார்கள்?

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அடிப்படை வீச்சுகளைக் கற்காத சிறுவனுக்கு நீள முளையைக் கொடுத்து உடனடி வெற்றி தேடுவதும் இதே தவறுதான். முதலில் மிதமான வழுவழுப்பு இறப்பரில் ஆட்டம் பழகட்டும். பின்னர் அவன் ஆடும் பத்து ஆட்டங்களைப் பயிற்றுநர் பொறுமையுடன் அவதானிக்கட்டும். மேசைக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கின்றான், எந்தப் பக்கத்தால் புள்ளி எடுக்கின்றான், எந்தப் பக்கத்தால் இழக்கின்றான் என்று குறித்துக் கொள்ளட்டும். முன்கைக்கு ஒன்றும் பின்கைக்கு வேறொன்றும் தேவைப்படலாம். இதற்குப் பணம் தேவையில்லை, கண் வேண்டும்.

இறப்பர் விளையும் நாடு நமது. டயருக்குப் போகும் இறப்பர் வேறு, கையுறைக்குப் போகும் இறப்பர் வேறு என்பது தோட்டத்தில் பால் வெட்டுபவருக்கும் தெரியும். பிள்ளைகளைப் பழக்குபவர்களுக்குத் தெரியாமற் போனதுதான் எனது கவலை.

அந்த மாணவனிடம் பழைய மட்டை எங்கே என்று கேட்டேன். வீட்டில் கிடக்கின்றது என்றான். நாளைக்கே அதை எடுத்து ஆடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.