பக்கப் பிழை பிழையன்று

இயங்குதளப் பாடத்தில் மாணவர்கள் பெரிதும் தவறாகப் புரிந்துகொள்ளும் சொற்களுள் ஒன்று ‘பேஜ் ஃபால்ட்’. அதைப் ‘பக்கப் பிழை’ என்று தமிழாக்கியோரைக் குறைகூறிப் பயனில்லை. மூலச் சொல்லே வழிதவறச் செய்வதுதான். அங்கே பெரும்பாலும் எவரும் பிழை செய்வதில்லை. நிரல் நாடும் பக்கம் முதன்மை நினைவகத்தில் அப்போது இல்லையென்பதைச் செயலி கண்டு, ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை நிறுத்தி, இயங்குதளத்திடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. இயங்குதளம் பக்கத்துக்கு இடம் தந்து திரும்பியதும் நின்ற கட்டளை மீண்டும் நிறைவேறுகிறது. இடையில் நடந்தது எதுவும் நிரலுக்குத் தெரியாது. ‘பக்கமின்மை’ என்று பெயரிட்டிருந்தால் குழப்பத்தில் பாதியேனும் குறைந்திருக்கும்.

மீதிப் பாதிக்குக் காரணம் சொல்லன்று, பாடத்திட்டம். இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கணினிக் கட்டமைப்பு ஒரு தாள், இயங்குதளம் வேறொரு தாள்; பெரும்பாலும் வெவ்வேறு பருவங்கள், வெவ்வேறு ஆசிரியர்கள். பக்கமின்மையின் முற்பாதி வன்பொருளின் வேலை, பிற்பாதி மென்பொருளின் வேலை. கட்டமைப்புத் தாளில் ‘இடையீடு’ என்னும் தலைப்பில் ஒரு கட்டப்படம் வரைந்து முடிக்கிறார்கள். இயங்குதளத் தாளில் அதே நிகழ்வு ஒரு கணக்காக வந்து நிற்கிறது. இரண்டும் ஒன்றே என்று சொல்லவேண்டியவர் எவர் என்பது எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை.

அந்தக் கணக்கை அறியாத மாணவர் இரார். பன்னிரண்டு பக்க எண்கள் ஒரு வரிசையில் தரப்படும். முதலில் வந்தது முதலில் வெளியேறும் முறையில் மூன்று சட்டகங்களுக்கு ஒன்பது பக்கமின்மைகள், நான்கு சட்டகங்களுக்குப் பத்து. நினைவகம் கூடியும் பக்கமின்மை கூடுவதை 1969ஆம் ஆண்டு பெலடியும் உடனாய்வாளர்களும் எடுத்துக்காட்டினர். உண்மையில் அழகான முடிவுதான். ஆனால் கட்டம் போட்டு எண்களை நிரப்பும் மாணவருக்கு ஒவ்வொரு பெருக்கல் குறிக்கும் என்ன விலை என்பது தெரிவதில்லை. முதன்மை நினைவகத்தை எட்ட ஒரு நொடி ஆகிறதென்று வைத்துக்கொண்டால், சுழலும் வட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கொணர ஒரு நாளுக்கும் மேலாகும். இவ்விகிதம் மனத்தில் பதியாதவரை எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது என்னும் வினாவே வெறும் விளையாட்டு.

இழப்பு கணினித்துறையோடு நிற்பதில்லை. மொழியியலிலும் பொருளியலிலும் பெருந்தரவைக் கையாளும் ஆய்வாளர்கள் இன்று பலர். பல ஜிபி உரைத்தொகுப்பை ஏற்றும் நிரல், முன்னறிவிப்பின்றி ‘கில்டு’ என்னும் ஒற்றைச் சொல்லோடு முடிந்துபோகிறது. ஆய்வாளர் தம் நிரலின் கடைசி வரியில் தவற்றைத் தேடி இரவைக் கழிக்கிறார். அங்கே தவறே இராது. லினக்ஸ், நினைவகம் கேட்கப்படும்போது பெரும்பாலும் சம்மதம் மட்டுமே தருகிறது. பக்கத்தை முதன்முறை தொடும்போதுதான் இடம் ஒதுக்குகிறது. தரவேண்டிய இடம் தீர்ந்ததும் ஏதோவொரு நிரலைப் பலியிடுகிறது. பலியாவது பெரும்பாலும் மிகுதியாக உண்டதுதான்.

இதைக் கண்ணாற் காணப் புதிய ஆய்வகம் வேண்டியதில்லை. 1 ஜிபி நினைவகம் கேட்கும் சி நிரல் ஒன்றைப் பத்து வரியில் எழுதலாம். கேட்டதோடு நிறுத்தினால் உண்மை நினைவகப் பயன்பாடு ஏறக்குறைய அசைவதில்லை. பக்கத்துக்கு ஒரு பைட்டாகத் தொட்டுச் சென்றால், 4 கேபி பக்கக் கணக்கில், 2,62,144 பக்கமின்மைகள். ‘டைம்’ கட்டளையின் விரிவான வடிவம் இவ்வெண்ணிக்கையைக் காட்டிவிடும்.

ஆய்வகங்களில் இன்றும் பல இடங்களில் இருப்பது 1976ஆம் ஆண்டின் 8085. அதைப் பழையதென்று எள்ளுவது எளிது, ஆனால் நேர்மையன்று. முகவரி ஒன்றைத் தம் விரலாலேயே அழுத்தி, அங்கே ஓர் எண்ணை வைத்துப் பார்த்த அனுபவம் பல மாணவர்க்கு அந்தப் பலகையால் மட்டுமே கிட்டியது. குறை வேறிடத்தில் உள்ளது. அதில் சலுகை நிலை என்பதே இல்லை. பக்க அட்டவணையும் இல்லை. இயங்குதளம் எதற்காக வேண்டும் என்பதை அச்செயலியால் காட்டவே இயலாது.

காட்டக்கூடியது கையெட்டும் தொலைவில்தான் இருக்கிறது. 1975ஆம் ஆண்டின் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூலநிரலை ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் வரிவரியாக விளக்கி மாணவர்க்குக் கற்பித்தார். அடுத்த பதிப்பின் உரிமம் வகுப்பில் அதைப் பயில்வதைத் தடுத்தபின், அவருடைய விளக்கவுரை ஒளிநகலாகக் கைம்மாறிப் பரவியது. அந்த ஆறாம் பதிப்பை முன்மாதிரியாகக் கொண்டு எம்.ஐ.டி. 2006இல் உருவாக்கிய எக்ஸ்வி6 இன்று ரிஸ்க்-வி செயலிக்கானது. எளிய மடிக்கணினியிலும் கியூஈமூ துணையோடு ஓடுகிறது. ஒரு பக்கத்தைப் படிக்கப்போய் அது இல்லையெனில் ‘எஸ்காஸ்’ பதிவகத்தில் 13 தோன்றும், எழுதப்போயிருந்தால் 15. எந்த முகவரி என்பதை ‘எஸ்டிவால்’ பதிவகம் சொல்லும். அவ்வெண்ணை அச்சிட்டுப் பார்க்கும் மாணவர் வன்பொருள் முடிந்து மென்பொருள் தொடங்கும் இடத்திலேயே நிற்கிறார். சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலிகளும் சி-டாக்கின் வேகா செயலிகளும் இதே ரிஸ்க்-வி கட்டளைத் தொகுதியில் அமைந்தவை என்பது கூடுதல் காரணம்.

ஆசிரியர்கள் கூறும் தடை உண்மையானதே. ஒரு பல்கலைக்கழகத்தின் ஒரே வினாத்தாளைப் பல இணைவுக் கல்லூரிகள் எழுதுகின்றன. எவர் திருத்தினாலும் விடை ஒன்றாயிருக்கவேண்டும். ‘ஒன்பது’, ‘பத்து’ என்னும் விடைகள் திருத்துவோர்க்கு வசதி. அந்த வசதியைக் கைவிடாமலேயே வினாவை மாற்ற முடியும். பன்னிரண்டு எண்களின் கணக்குக்குப் பதிலாக, அதே மதிப்பெண்ணுக்கு இப்படிக் கேட்கலாம்: “ஒரு நிரல் 1 ஜிபி நினைவகம் கேட்டது; கோரிக்கை வென்றது; முதன்மை நினைவகப் பயன்பாடு மாறவில்லை. முதல் பைட்டைத் தொட்டது முதல் அக்கட்டளை நிறைவேறியது வரை நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்துக. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘செயலி’ அல்லது ‘இயங்குதளம்’ என்று குறிப்பிடுக.”