வாயிற்காவலனும் புதிய கட்டளையும்

கணனிக்கூடமொன்றில் நாம் இழைத்த பிழையொன்றை இவ்வாரம் வாசகர் முன் வைக்க விழைகின்றோம். தன் பிழையைக் கூறுதல் ஆசிரியனுக்கு இழுக்கன்று. மாணவர் அதனை மீண்டும் செய்யாதிருத்தற்கு அதுவே நல்வழி.

அக்கூடத்தில், லினக்ஸ் பணிசெயல் முறைமையில் இயங்கும் தாய்க்கணனி ஒன்று இருந்தது. 18 மாணவர் தத்தம் மேசைத் திரைகளினூடாக அதனிலேயே கட்டுரை எழுதிக்கொண்டிருந்தனர். அதற்கு வலையமைப்பு இணைப்புக்கள் இரண்டு: ஒன்று மேசைகளுக்கு, மற்றொன்று வெளியுலகுக்கு. வெளி இணைப்புப் பழுதாகவே, யூஎஸ்பி துளையிற் செருகும் புதிய இணைப்பியொன்றைப் பொருத்தினோம். கணனி அதற்குத் தானாகவே ஒரு பெயரை இட்டது. எமது அமைப்புக்களோ பழைய பெயரையே எதிர்பார்த்திருந்தன. பெயரிடும் விதியைத் திருத்தினோம், பயன் விளையவில்லை. பொறுமையிழந்து, கணனியை நிறுத்தி மீளத் தொடக்குமாறு பணித்தோம். இணைப்புக் கிடைத்தது, சேமிக்கப்படாத கட்டுரைகளோ அழிந்தன. “மூன்று பக்கம் எழுதியிருந்தேன், சேர்” என்று ஒரு மாணவி கூறியது இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றது.

அந்த நிறுத்தம் வேண்டாததொன்று என்பதைப் பின்னரே கற்றோம்.

லினக்ஸில் சாதனங்களை வரவேற்றுப் பெயரும் உரிமையும் வழங்கும் பணி ‘யூடெவ்’ என்னும் நிரலுக்குரியது. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த இந்நிரல், 2012இல் ‘சிஸ்டம்டி’ என்னும் பெருந்தொகுதியுடன் இணைக்கப்பட்டது. இதனைப் பாடசாலையின் வாயிற்காவலனுக்கு ஒப்பிடலாம். அவன் கையிலுள்ள ஏடே விதிக்கோவை. உள்ளே நுழையும் ஒவ்வொருவரையும் அவன் ஏட்டுடன் ஒப்பிட்டு அனுப்புகின்றான். வலையமைப்பு அட்டையாயின், 48 பிட்டுக்களாலான அதன் வன்பொருள் முகவரியைக் கொண்டு அடையாளம் காண்கின்றான்.

நண்பகலில் அதிபர் ஏட்டை மாற்றுகின்றார் என்று கொள்வோம். காவலன் புதிய ஏட்டைப் படித்துவிட்டான். ஆயினும், காலையிலேயே உள்ளே சென்றுவிட்டவர்களை அவ்வேடு தீண்டுமோ? தீண்டாது. இனி வருவோருக்கே அது பொருந்தும். நாம் அன்று காணத் தவறிய உண்மை இதுவே: விதியைப் படித்தல் வேறு, விதியைப் பிரயோகித்தல் வேறு.

ஆகவே வேண்டப்படும் படிகள் இரண்டு. நிருவாகியின் அதிகாரத்துடன் ‘யூடெவ்அட்ம் கன்ட்ரோல்’ என்னும் கட்டளையை ‘ரீலோட்’ என்ற தெரிவுடன் இடுதல் முதலாவது. இது புதிய ஏட்டைக் காவலன் கையிற் கொடுப்பதாகும். ‘யூடெவ்அட்ம் ட்ரிகர்’ என்பது இரண்டாவது. இது உள்ளிருப்போரை மறுபடியும் வாயில் வழியே வரச்செய்வது போன்றது. இரண்டாவதில் ஒரு நுட்பம் உண்டு. வேறொன்றும் குறிப்பிடாவிடின் அது ‘மாற்றம் நிகழ்ந்தது’ என்றே அறிவிக்கும். பெயரிடும் விதிகளோ பெரும்பாலும் ‘புதிதாகச் சேர்ந்தது’ என்னும் அறிவிப்புக்கே செவிசாய்ப்பன. ஆதலின் செயலை ‘ஆட்’ என்றும், பிரிவை ‘நெட்’ என்றும் வரையறுத்துக் கூறல் வேண்டும். பிரிவை வரையறுப்பதனால் ஏனைய சாதனங்களும் வீணே அலைக்கழிக்கப்படா.

இன்னுமொன்று. இயங்கிக்கொண்டிருக்கும் இணைப்பின் பெயரை மாற்ற லினக்ஸின் கருநிரல் நெடுங்காலம் இணங்கியதில்லை. ஆதலின் அவ்விணைப்பை மாத்திரம் முதலிற் கீழிறக்கி, பெயர் மாறியபின் மேலேற்றுதல் பாதுகாப்பான முறை. ஆனால் அவ்விணைப்பின் வழியாகவே தொலைவிலிருந்து கணனியுட் புகுந்துள்ளவர் இதனைச் செய்யலாகாது. அது நுனிக்கொம்பிலிருந்து அடிமரத்தை வெட்டுவதை ஒக்கும்.

எமது இணைப்பியோ செருகிக் கழற்றத்தக்கது. விதியைத் திருத்தியபின் அதனைக் கழற்றி மீளச் செருகியிருந்தாற் போதும். காவலன் அதனைப் புதுவரவாகக் கண்டு புதிய பெயரை வழங்கியிருப்பான். ஒரு நொடி வேலை! அதனை அறியாமையால் பிள்ளைகளின் ஒரு முற்பகலுழைப்பை அழித்தோம்.

மீளத் தொடக்குதல் தீங்கென்று நாம் கூறவில்லை. கூடம் ஓய்ந்திருக்கும் மாலைவேளையில் ஒருமுறை மீளத் தொடக்கி, திருத்திய விதி நிலைத்துள்ளதா என்று பார்த்தல் அறிவுடைமையே. ஆயின் காரணத்தை அறியாது எல்லாவற்றுக்கும் அதனையே மருந்தாக்கினால், நோய் நீங்கினாலும் நோயின் காரணம் மறைந்தே கிடக்கும். மறுநாள் அது திரும்பி வரும்போதும் நாம் அறியாதவராகவே நிற்போம்.

மாணவர்காள், ஆளியில் விரலை வைக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இக்கணனியில் இப்பொழுது யாருடைய உழைப்பு இருக்கின்றது? நாம் அன்று அதனைக் கேட்டிலோம்.