குடித்ததைக் கக்காத கோழி

கோழியை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் உள்ளே போவது வெறும் தண்ணீர்தான், எடை கூடுமே தவிர ருசி கூடாது என்று ஒரு வாதம். பாதிதான் சரி. வெறும் தண்ணீரில் ஊறிய கறி, சூடு பட்டதும் குடித்ததைக் கக்கிவிடும். உப்புத் தண்ணீரில் ஊறியது அவ்வளவு எளிதில் விடாது.

தசைநாரில் மயோசின் என்றொரு புரதம் உண்டு. வேகும்போது அது இறுகி ஈரத்தைப் பிழிந்து தள்ளும். உப்பு அதில் ஒரு பகுதியைக் கரைத்து நாரைத் தளர்த்திவிடுவதால் பிழியும் வேகம் தணிகிறது. கொழுப்பு குறைந்த நெஞ்சுக்கறிக்கு இது பேருதவி. பாதுகாப்பான உள்வெப்பம் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்லும் 74 டிகிரி செல்சியஸைக் கொஞ்சம் தாண்டினாலே அது கிரில்லில் சக்கையாகிவிடும்.

மசாலா தடவினால் போதாதா? மசாலாவின் மணம் பெரும்பாலும் மேலோடு நின்றுவிடும். உப்புதான் ஆழம் போகும்.

லிட்டருக்கு 50 கிராம் உப்பு. எலும்பில்லாத துண்டுக்கு ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் தாராளம். எடுத்ததும் ஈரம் போக நன்றாக ஒற்றியெடுக்க வேண்டும், இல்லையென்றால் மேற்புறம் சிவக்காமல் ஆவியில் வெந்ததுபோல் வெளுத்துக் கிடக்கும். யூதர்களின் கோஷர் முறையில் ஏற்கெனவே உப்பிட்டு வரும் கோழியை இப்படி ஊறவைக்க வேண்டியதில்லை. சின்னத் துண்டுகளை இரவு முழுக்க ஊறவிட்டு, கரிக்கிறது என்று முறையையே பழிப்பது நியாயமில்லை.